401(கே) திட்டத்தில் (அமெரிக்காவில் கம்பெனி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டணம் அதிகமாகப் போயிருக்கிறது, பல வருடம் நான் கவனிக்கவில்லை. இப்போது வழக்குப் போட முடியுமா?

வாய்ப்பு இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. உங்களைப் போலவே அமெரிக்காவில் சம்பளப் பிடித்தத்தில் 401(கே) சேர்ப்பவன். என் கணக்கிலும் இதைப் பார்த்த பிறகுதான் தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன்.

முக்கியமானது டிபிள் வழக்கு. கலிஃபோர்னியாவில் எடிசன் இன்டர்நேஷனல் ஊழியர்கள் 2007-ல் போட்டது. ஒரே ஃபண்டுக்குச் சில்லறை விலை, மொத்த விலை என்று இரண்டு கட்டணம் உண்டு. மொத்த விலை கிடைக்கக்கூடிய அவ்வளவு பெரிய திட்டம், சில ஃபண்டுகளுக்குச் சில்லறை விலையே கொடுத்துவந்தது. "அவற்றில் சிலவற்றை 1999-லேயே சேர்த்தோம், வழக்குப் போடும் ஆறு வருடக் கெடு முடிந்தது" என்றது நிர்வாகத் தரப்பு. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறு மாதிரி சொன்னது: ஃபண்டைத் தேர்ந்தெடுத்ததோடு பொறுப்பு தீராது, தொடர்ந்து கண்காணித்துத் தகாததை நீக்க வேண்டும். அந்தக் கடமையில் தவறியது கடைசி ஆறு வருடத்துக்குள் என்றால் வழக்குக்குக் காலம் கடந்துவிடவில்லை.

சரி, நீங்கள் கவனிக்காமல் விட்டது? அதற்கு இன்டெல் ஊழியர் ஒருவரின் வழக்கு இருக்கிறது. அந்த ஆறு வருடக் கெடு முடியும் முன்பே தவறு தெரிந்துவிட்டால், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்பது எரிசா (இப்படிப்பட்ட ஓய்வுக்காலத் திட்டங்களுக்கான அமெரிக்கச் சட்டம்) விதி. "தகவலை அனுப்பிவிட்டோமே" என்றது எதிர்த்தரப்பு. அனுப்பியது வேறு, அவர் உண்மையில் தெரிந்துகொண்டது வேறு என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டதே! இனி தள்ளிப்போடாதீர்கள்.

"மலிவான ஃபண்டும் வைத்திருந்தோமே" என்ற பதில் மட்டும் போதாது என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கில் 2022-ல் சொல்லிவிட்டார்கள். அதற்காகக் கட்டணம் அதிகம் என்றாலே ஜெயிப்போம் என்று நினைக்க வேண்டாம்; நிர்வாகிகளின் நியாயமான முடிவுகளுக்கும் நீதிமன்றம் இடம் கொடுக்கிறது.

ஒரு சதவீதம்தானே என்று விடாதீர்கள். தொழிலாளர் துறையே ஒரு கணக்குக் காட்டுகிறது: 25,000 டாலர், 35 வருடம், 7% வளர்ச்சி. கட்டணம் 0.5% என்றால் 2,27,000 டாலர் ஆகும், 1.5% என்றால் 1,63,000தான். எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது இதைப் பார்த்துத்தான்.

வருடாந்தரக் கட்டண அறிக்கையை எடுத்து, அதே ஃபண்டுக்குக் குறைந்த கட்டணப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் எச்ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். அப்புறம் எரிசா வக்கீல். என் கம்பெனியில் நாலு பேர் சேர்ந்து கேட்டபின் ஃபண்டை மாற்றினார்கள். பழைய வருடங்களில் போன பணத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.