முண்ணாண் காயமும் தழும்பும்: வாசகர் கேள்விகள்

பல்லியின் வால் திரும்ப வளரும்போது உள்ளே முண்ணாணும் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு) வளருமா? (உயர்தர மாணவி, கொக்குவில்)

வளரும், முன்பு இருந்தபடி அல்ல. புதிய வாலில் முள்ளந்தண்டென்புகள் உருவாவதில்லை, கசியிழையக் குழாய் ஒன்றுதான். அதனுள் ஓடும் முண்ணாணில் நரம்புக் கலங்கள் மிகச் சொற்பம். வரிக்குதிரை மீன் பல்லியை மிஞ்சும்: முண்ணாணை முற்றாக அறுத்தாலும் 6 முதல் 8 வாரங்களில் மீண்டும் நீந்தும்.

பனையிலிருந்து விழுந்த அண்ணனுக்கு நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. தழும்பைக் கரைக்கும் ஊசியால் எலிகள் நடந்தனவாம். அதை இங்கே போடலாமா? (வாசகி, பளை)

முடியாது, தங்கச்சி. முண்ணாண் காயத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக அது இன்னும் வரவில்லை. யாராவது விற்க வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட ஆய்வு 2002இல் வெளியானதாக இருக்கும். முண்ணாண் காயத்தில் உண்டாகும் தழும்பிலுள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள் நரம்பு நார்களை மறிக்கின்றன. பற்றீரியாவிலிருந்து எடுத்த கொண்ட்ரோயிட்டினேஸ் என்ற நொதியம் அவற்றை அறுத்தது. எலிகளின் நடை ஓரளவு தேறியது. ஆனால் அந்த எலிகளுக்கு முண்ணாண் முழுவதும் அறுபடவில்லை. மருந்தும் காயம்பட்ட உடனேயே தொடங்கப்பட்டது.

தழும்பை வெறும் எதிரியாகவும் பார்க்கக் கூடாது. நட்சத்திர வடிவத் தாங்கு கலங்கள் காயத்தைச் சுற்றி வளைத்து, அழற்சி பரவாமல் மறித்து, எஞ்சிய நல்ல பகுதியைக் காக்கின்றன. 2016இல் சுண்டெலிகளில் அந்தத் தழும்பு உண்டாகாமல் தடுத்தும், உண்டானதை அகற்றியும் பார்த்தார்கள், நார்கள் வளரவில்லை. தழும்பை அப்படியே விட்டு வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்தபோது, அதனூடாகவே நார்கள் நீண்டன.

அண்ணனைப் படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். இடுப்பிலும் குதிக்காலிலும் தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள். காய்ச்சலோடு சிறுநீரும் கலங்கினால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அவருடைய உயிரைக் காப்பது இந்தக் கவனிப்புத்தான்.

வெட்டுப்பட்ட கைநரம்பைத் தைத்தபின் விரலில் உணர்வு வந்தது. முதுகில் மட்டும் ஏன் வருவதில்லை? (வாசகர், சாவகச்சேரி)

கைநரம்பில் நார்களைச் சுற்றியிருக்கும் சுவான் கலங்கள் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன. நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். முண்ணாணில் அந்தத் துணை இல்லை. 1981இல் மொன்றியலில் எலியின் கால்நரம்புத் துண்டை முண்ணாணோடு இணைத்தார்கள். வளராது என்று நம்பப்பட்ட நார்கள் அதற்குள் சென்ரிமீற்றர் கணக்கில் வளர்ந்தன. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் சோதனை இது.

ஓட்டோ மோதிய எங்கள் நாயின் பின்னங்கால்கள் அசையத் தொடங்கிவிட்டன. நரம்பு பொருந்திவிட்டதா? (வாசகர், கோப்பாய்)

அசைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூளையின் தொடர்பு இல்லாமலே கீழ் முண்ணாண் கால்களை அசைக்கும். பின்கால் விரலை அழுத்திப் பாருங்கள். காலை இழுத்தால் அது தெறிவினை மட்டுமே. திரும்பிப் பார்த்தாலோ கத்தினாலோ உணர்வு மூளைக்குப் போகிறது.