கோவையா, திருச்சியா? வீடு வாங்கப் போகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புனேயில் வேலை. அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். நானும் மனைவியும் மட்டும்தான். மகன் சிங்கப்பூரில், மகள் பெங்களூரில். கோவையில் மனைவியின் தங்கை இருக்கிறார், திருச்சியில் என் அண்ணன் இருக்கிறார். 70 லட்சத்துக்குள் இரண்டு படுக்கையறை வீடு வேண்டும். எந்த ஊர்?

பதில்: போக்குவரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிங்கப்பூருக்கு இரண்டு ஊரிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது. திருச்சியில் 2024 ஜூனில் புதிய முனையம் செயல்படத் தொடங்கிய பிறகு நெரிசலும் குறைந்துவிட்டது. பெங்களூருக்கு இரண்டு ஊரிலிருந்தும் சாலையில் ஏறக்குறைய ஒரே தூரம்தான். சென்னைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தால் மட்டும் திருச்சி நல்லது. அங்கிருந்து சுமார் 330 கிலோமீட்டர், கோவையிலிருந்து 500.

உங்கள் வயதுக்கு முதலில் பார்க்க வேண்டியது வெயில். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேல்காற்று வீசும். மேற்கே ஜன்னல் வைத்த வீட்டில் அந்த மாதங்களில் பகலில்கூட மின்விசிறி தேவைப்படாது. தூசி மட்டும் கொஞ்சம் சேரும். திருச்சி 90 மீட்டருக்கும் குறைவான சமவெளி. மார்ச் கடைசியில் ஆரம்பிக்கிற வெயில் 40 டிகிரியைத் தாண்டி, ஜூன் ஜூலை வரைக்கும் இழுக்கும். திருச்சியில் வீடு பார்த்தால் ஏப்ரல் மாதம் இரவு 9 மணிக்குப் போய், மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்போதும் சுடுகிறது என்றால் அந்த அறையில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது. கடைசி மாடி வேண்டவே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் மொட்டை மாடியில் தட்டோடோ வெள்ளை கூலிங் டைல்ஸோ பதித்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு.

அடுத்தது தண்ணீர். இதில் திருச்சியின் கை ஓங்கியிருக்கிறது. ஊருக்கு நடுவே காவிரி ஓடுகிறது, ஆற்றுப் படுகையிலேயே நீரேற்றுக் கிணறுகள் இருக்கின்றன. கோவைக்குச் சிறுவாணியும் பில்லூரும் தொலைவிலிருந்து குழாயில் வர வேண்டும். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தில். தண்ணீரின் ருசியில் அதற்கு ஈடில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும்.

மருத்துவம் என்றால் தயக்கமே வேண்டாம், கோவைதான். இதயம், எலும்பு, கண் என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய மருத்துவமனைகள் அங்கே அருகருகே இருக்கின்றன. திருச்சியிலும் நல்ல தனியார் மருத்துவமனைகள் உண்டு. வழக்கமான சிகிச்சைக்கு வெளியூர் போகத் தேவையில்லை. இருவரில் ஒருவருக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய் இருந்தால் மட்டும் இதை முதல் காரணமாக வையுங்கள்.

அப்படி நோய் எதுவும் இல்லை என்றால் எங்கள் ஓட்டு திருச்சிக்கு. காரணம் ஒன்றுதான். உங்கள் பணத்துக்குத் திருச்சியில் ஊருக்குள்ளேயே, காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் கோயிலும் நடந்து போகிற தூரத்தில் வீடு அமையும். கோவையில் அதே பணம் உங்களைச் சரவணம்பட்டி, வடவள்ளி போன்ற புறநகர்களையும் தாண்டித் தள்ளிவிடும். 60 வயதில் ஸ்கூட்டரில் போய்விடலாம். 75 வயதில் போக முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் முதல் ஓர் ஆண்டு அதே பகுதியில் வாடகைக்கு இருங்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அந்த ஓர் ஆண்டுக்குள் வந்துவிட வேண்டும். 70 லட்ச ரூபாய் வீட்டை 17,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தால் ஆண்டுக்கு 2,10,000. அது வீட்டு விலையில் வெறும் 3 சதவீதம். தவறான வீட்டை வாங்கி விற்பதற்கு ஆகும் பத்திரச் செலவே இதைப் போல மூன்று மடங்கு.

கேள்வி: கோவையில் சென்ட் கணக்கில் விலை சொல்கிறார்கள். திருச்சியில் சதுர அடி கணக்கு. எப்படி ஒப்பிடுவது? பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: 1 சென்ட் என்றால் 435.6 சதுர அடி. சென்ட் 12 லட்சம் என்றால் சதுர அடி 2,755 ரூபாய். கோவையில் 'சைட்' என்றால் வீட்டுமனை. 'பூமி', 'காடு' என்றால் விவசாய நிலம். தரகர் சொல்லும் சொல்லிலேயே பாதி விஷயம் இருக்கிறது, காதில் வாங்குங்கள். 'பூமிதான், ஆனா சைட் போடலாம்' என்றால் இன்னும் அனுமதி வாங்கவில்லை என்று அர்த்தம்.

மனையும் பழைய வீடும் வாங்கினால் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. கட்டியவரிடமிருந்து முதல் முறையாக வாங்கும் புதிய ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து சலுகை உண்டு. 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். 60 லட்ச ரூபாய்க்குப் புதிய ஃப்ளாட் என்றால் 4,20,000. அதே விலைக்குப் பழையது என்றால் 5,40,000. ஆனால் புதியது கட்டி முடிவதற்குள் வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். இந்த இரண்டு ஊர்களிலும் வீட்டின் உள் தரைப்பரப்பு (கார்ப்பெட் ஏரியா) 90 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் அது 1 சதவீதம்தான். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம். திருச்சியில் இது அடிக்கடி வரும் சிக்கல். முன்பணம் தருவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஃப்ளாட்டில் இன்னொரு கணக்கு: 10 சென்ட் இடத்தில் ஒரே அளவில் 8 வீடு கட்டினால் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு 544 சதுர அடி. பத்திரத்தில் 400 என்று இருந்தால் மீதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் 5 சென்ட் சைட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: மலிவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. கோவையின் மேற்கே உள்ள பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன. அதை எல்லோரும் ஹாக்கா என்பார்கள். அங்கே மனைப்பிரிவுக்கு ஊராட்சி ஒப்புதல் போதாது, ஹாக்காவின் இசைவும் வேண்டும். அதற்கு வனத்துறை, வேளாண்மை, கனிமவளம் எனப் பல துறைகளின் கருத்து தேவை. கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்து நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, யானை. மலையடிவாரத்தில் அது காலம் காலமாக நடக்கும் பாதை. நாம்தான் குறுக்கே போகிறோம். பக்கத்துத் தோட்டத்தில் சூரிய மின்வேலி இருக்கிறதா, இரவில் பால்காரர் எத்தனை மணிக்கு மேல் வெளியே வரமாட்டார் என்று விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, பள்ளம். கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை. வருடம் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் என்பதால், அதை மேடாக்கி மனை போட்டுவிடுகிறார்கள். புல வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணை ஒட்டிப் பள்ளமோ வாய்க்காலோ புறம்போக்கு என்று காட்டினால், சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகே பேசுங்கள். தோட்டத்தைப் பிரித்து விற்ற இடம் என்றால் பழைய பத்திரங்களில் 'வண்டித் தடம்', 'பொதுக் கிணற்றில் பாத்தியம்' என்று எழுதியிருக்கும். அந்தத் தடம் உங்கள் மனைக்கு நடுவே போனால் பிற்பாடு சுவர் எழுப்ப விடமாட்டார்கள்.

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் பழைய வீடு. விற்பவர் கட்டடம் தன்னுடையது, 'அடிமனை' கோயிலுடையது என்கிறார். வாங்கினால் என்ன ஆகும்?

பதில்: அவர் உண்மையைச் சொல்கிறார், அதற்கு நன்றி சொல்லுங்கள். அடிமனை கோயிலுடையது என்றால் நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும்தான். நிலத்துக்குக் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும். வங்கிக் கடன் கிடைப்பது கடினம். கோயில் நிலத்தின் விற்பனையை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பதிவு செய்ய முடியாது. ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் வீடு பார்க்கிறவர்கள், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பை (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) பார்க்க வேண்டும். பூஜ்யம் என்று காட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மதிப்பு இருந்தாலும் போதாது. நகர நில அளவைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் கோயிலா, விற்பவரா என்று பாருங்கள். 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கும். ஸ்ரீரங்கத்துக்கு அது போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கு முந்தையதையும் எழுதி வாங்குங்கள். கோயிலருகே குடியிருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. வாங்காமல் வாடகைக்கு இருந்தும் அந்த ஆசை நிறைவேறும்.

கேள்வி: திருச்சியில் வெள்ளம் வருமா? வயலூர் சாலையில் ஒரு மனை பார்த்திருக்கிறோம்.

பதில்: வரும். 2005 நவம்பரில் வந்தது. ஊரைச் சூழ்ந்தது காவிரி மட்டும் அல்ல, தெற்கேயிருந்து வரும் கோரையாறும் குடமுருட்டியும்தான். கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர், வயலூர் சாலைப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. கரைகளை அதற்குப் பின் பலப்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் தெருவில் 25 ஆண்டுகளாகக் குடியிருப்பவரிடம், 'அஞ்சாம் வருஷம் தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு' என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அந்த உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரும்படி தரைத்தளத்தை எழுப்புங்கள்.

அந்தப் பக்கம் நஞ்சையாக இருந்த இடங்கள் நிறைய. வயலில் மேலே செம்மண் கொட்டி மட்டப்படுத்தினாலும் அடியில் களிமண் அப்படியே இருக்கும். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சாதாரணக் கல் கட்டு அஸ்திவாரம் போட்டால் மூன்றாம் ஆண்டில் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக விரிசல் ஓடும். வீடு கட்டும் செலவோடு பார்த்தால் மண் பரிசோதனைச் செலவு சொற்பம்தான். அதைச் செய்து, தேவைப்பட்டால் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டு, அவற்றை இணைக்கும் கிரேடு பீம் கட்டுங்கள். கோவையின் கிழக்கே கரிசல் மண் உள்ள இடங்களுக்கும் இதே பேச்சுதான்.

கேள்வி: கோவையில் புறநகரில் வீடு கட்டுகிறோம். நல்ல தண்ணீர் 8 நாளுக்கு ஒருமுறை வருகிறது. தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்? நாங்கள் 4 பேர்.

பதில்: நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். பலர் செய்யும் தவறு இது. குடிக்க, சமைக்க, குளிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் வைத்தால் 4 பேருக்கு 8 நாளைக்கு 1,600 லிட்டர். ஒரு முறை குழாய் உடைந்து தண்ணீர் வராமல் போனால் சமாளிக்க இரட்டிப்பு, 3,200. உள்ளளவு 5 அடிக்கு 5 அடி, ஆழம் 5 அடி வைத்து, மேலே அரை அடி காலியாக விட்டால் ஏறக்குறைய அந்த அளவு நிற்கும். தொட்டியின் வாய் தரைக்கு மேலே அரை அடி எழும்பியிருக்கட்டும், இல்லையென்றால் முதல் மழையில் வாசல் தண்ணீர் உள்ளே போகும். கழிவுநீர்த் தொட்டி மனையின் எதிர்மூலையில் இருக்கட்டும்.

போர் தண்ணீர் கழிப்பறைக்கும் துவைக்கவும் செடிக்கும். கோவையில் பாறைக்குள் பல நூறு அடி இறங்கியும் தண்ணீர் உப்பாக வருவது உண்டு. கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் குளியலறையில் ஷவர் துளைகளைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து பாதித் துளை அடைத்திருந்தால் அந்த வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாட்டிலில் பிடித்துப் போய்ப் பரிசோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்றால் குடிக்கவே உகந்தது. மாற்று வழி இல்லாதபோது 2,000 வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் வாட்டர் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரமே பழுதாகும், அந்தச் செலவையும் வீட்டு விலையோடு சேர்த்துப் பேரம் பேசுங்கள்.