பிரான்ஸ் கிராமப்புறத்தில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட எந்தப் பக்கம் போகலாம்?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: நாலைந்து நாள் இருக்கிறது. ஆல்ப்ஸ் மாதிரி மலையேற்றம் வேண்டாம், ஆற்றோரமாகத் தட்டையாகவே போகும் சைக்கிள் பாதையும் வேண்டாம். மேடும் பள்ளமுமான வயல்காட்டுத் தார்ச்சாலை வேண்டும், கார்கள் கூடாது.

ஜெர்ஸ் போங்கள். பிரான்ஸின் தென்மேற்கில், துலூஸ் நகரத்துக்கு மேற்கே இருக்கும் மாவட்டம். நான் துலூஸில் வேலை பார்க்கிறவன். வானிலை சரியாக இருந்தால் சனி ஞாயிறு சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம்தான். அதனால் கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அங்கே சாலைகள் காலியாக இருப்பதற்கு ஆள் குறைவு என்பது பாதிக் காரணம். சுமார் 6,250 சதுர கி.மீ. பரப்பில் ஏறக்குறைய 1,90,000 பேர். மீதிக் காரணம், அந்த ஆட்களுக்குச் சாலை ரொம்ப அதிகம். பிரான்ஸ் முழுக்க சுமார் 35,000 கொம்யூன்கள், அதாவது தனித்தனி மேயர் உள்ள ஊர்கள். ஜெர்ஸில் மட்டும் 460 சொச்சம். நூறு பேர் இருக்கும் ஊருக்கும் நாலு பக்கமும் பக்கத்து ஊருக்குத் தார்ச்சாலை உண்டு. ஆனால் அவசரமாகப் போகிற கார், லாரி எல்லாம் இரண்டு மூன்று பெரிய சாலைகளிலேயே போய்விடும். மிச்சச் சாலைகளில் டிராக்டர், மஞ்சள் தபால் வண்டி, பள்ளிப் பேருந்து, அப்புறம் நீங்கள்.

ஆகவே மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பதைவிடச் சாலையைத் தேர்ந்தெடுக்கத் தெரிவது முக்கியம். மிஷெலின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். அதில் சிவப்புச் சாலை என்றால் கிட்டவே போகாதீர்கள். மஞ்சள் என்றால் வேறு வழி இல்லாதபோது மட்டும். வெள்ளைதான் நமக்கு. ஓரத்தில் பச்சைக் கோடு போட்டிருந்தால் அழகான சாலை என்று பொருள், ஆனால் அந்த அழகைப் பார்க்கக் காரிலும் ஆட்கள் வருவார்கள். வெள்ளைச் சாலைகளில் பெரும்பாலும் நடுக்கோடே இருக்காது, எதிரே கார் வந்தால் அது புல்லில் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் வழிவிட வேண்டும். நீங்கள் தேடுவது அந்த அகலம்தான்.

எண்ணையும் கொஞ்சம் படிக்கப் பழகுங்கள். 'என்' என்றால் தேசியச் சாலை, 'டி' என்றால் மாவட்டச் சாலை. மூன்று இலக்க 'டி' பெரும்பாலும் சின்னச் சாலைதான், 900 வரிசையைத் தவிர. அவற்றில் நிறைய, ஒரு காலத்தில் தேசியச் சாலைகளாக இருந்து மாவட்டத்தின் கைக்கு வந்தவை. ஓஷ் நகரத்திலிருந்து கோந்தோம் போகும் டி930 அப்படிப்பட்டது. கார்கள் அதில் பறக்கும். வரைபடம் கையில் இல்லையென்றால் பழைய கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள்: தலை சிவப்பாக இருந்தால் தேசியச் சாலை, மஞ்சளாக இருந்தால் மாவட்டச் சாலை.

இடையில் ஒரு செய்தி. ஜெர்ஸ் சாலைகள் சிலவற்றை ஏர்பஸ் ஏ380 விமானத்துக்காகவே அகலப்படுத்தியிருக்கிறார்கள். கப்பலில் வந்து, போர்தோவுக்குத் தெற்கே லாங்கோனில் இறங்கிய பாகங்கள், இந்த மாவட்டம் வழியாகத்தான் ராத்திரி ராத்திரியாகத் துலூஸுக்கு ஊர்ந்து வந்தன. 2021-இல் அந்த விமானத் தயாரிப்பு நின்றுவிட்டது, சாலையின் அகலம் மட்டும் மிச்சம்.

சரி, நிலத்தின் அமைப்புக்கு வருகிறேன். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் கால் வலிப்பதும் வலிக்காததும் இதில்தான் இருக்கிறது. பிரனீஸ் மலையடிவாரத்தில் லான்மெசான் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. அங்கிருந்து ஜெர்ஸ், பாயீஸ், சாவ், ஜிமோன் என்று வரிசையாக ஆறுகள் கிளம்பி, விரித்த விசிறியின் குச்சிகள் போல வடக்கே போய் கரோன் நதியில் கலக்கின்றன. எல்லா ஆறும் எல்லா மேடும் தெற்கு வடக்காக ஓடுகின்றன. நீங்களும் தெற்கு வடக்காக ஓட்டினால், பள்ளத்தாக்கிலோ மேட்டின் முதுகிலோ சுகமாகப் போய்க்கொண்டே இருக்கலாம். கிழக்கு மேற்காகத் திரும்பினால் ஒவ்வொரு குச்சியாகக் குறுக்கே தாண்ட வேண்டும். ஏறு, இறங்கு, ஆறு, மறுபடி ஏறு. ஒரு ஏற்றம் 100 மீட்டர் உயரம் இருந்தால் பெரிது. ஆனால் 60 கி.மீ. முடியும்போது கூட்டிப் பார்த்தால் 800, 900 மீட்டர் ஏறியிருப்பீர்கள்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குகளின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு இல்லை. ஆற்றுக்கு மேற்கே நீளமான, மெதுவான சரிவு. கிழக்கே குட்டையான, செங்குத்தான சரிவு. ஆகவே மேற்கு நோக்கிப் போனால் சடாரென்று இறங்கி நிதானமாக ஏறுவீர்கள். கிழக்கு நோக்கிப் போனால் நிதானமாக இறங்கி, ஆற்றைத் தாண்டியதும் சுவரில் ஏறுவீர்கள். ஆனால் வழக்கமான காற்று மேற்கிலிருந்து வருவதால், சுலபமான ஏற்றத்துக்கு எதிர்க்காற்று இலவசம். தென்கிழக்கிலிருந்து 'ஓதான்' காற்று அடிக்கும் நாள் கிடைத்தால் யோசிக்காமல் மேற்கே கிளம்பிவிடுங்கள், ஏற்றமும் மெதுவு, காற்றும் முதுகில். விதிவிலக்கும் உண்டு. ஓஷில் ஸ்டேஷனிலிருந்து மேற்கே பழைய ஊருக்கு ஏறுவதே செங்குத்து.

வழி என்று ஒன்று கேட்டால் இப்படிச் சொல்வேன். துலூஸிலிருந்து ஓஷுக்கு டி.இ.ஆர். என்னும் வட்டார ரயில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. இடம் குறைவு, ஆகவே முன்னாலேயே போய் நில்லுங்கள். ஓஷிலிருந்து வடமேற்கே வெள்ளைச் சாலைகளில் லாவர்தான் (கோட்டை ஊரையே மறைத்துக்கொண்டு நிற்கும்), பிறகு காஸ்தேரா-வெர்துசான், வலான்ஸ். வலான்ஸ் பக்கத்தில் 1151-இல் தொடங்கிய ஃப்ளாரான் மடம், உள்ளே போய்ப் பாருங்கள், வெயிலுக்கும் நல்லது. ராத்திரி கோந்தோமில் தங்கல். மறுநாள் மூட்டை இல்லாமல் ஒரு சுற்று: மதிலுக்குள் கைப்பிடி அளவு வீடுகளே உள்ள லாரெசெங்கிள், ரோமானியர் காலத்து மொசைக் தரைகள் இருக்கும் செவியாக், வட்டமாகக் கட்டிய ஊரான ஃபூர்செஸ். மூன்றில் எனக்குப் பிடித்தது ஃபூர்செஸ், நடுவில் மரநிழல், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம். மூன்றாம் நாள் கிழக்கே லெக்தூர். மேலே சொன்ன சுவர் இங்கேதான் வரும், ஊர் ஜெர்ஸ் ஆற்றுக்குக் கிழக்கே மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி நாள் தெற்கே ஓஷுக்குத் திரும்பும்போது ஆற்றோரம் போகும் என்21 பக்கம் தலைவைக்காமல், கிழக்கு மேட்டின் முதுகுச் சாலைகளில் வாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே பிரனீஸ் முழுசாகத் தெரியும். ரொம்பத் தெளிவாகத் தெரிந்தால் மழை வரப்போகிறது என்பது உள்ளூர்க்காரர்கள் கணக்கு.

சாப்பாடு, தண்ணீர் இரண்டுக்கும் திட்டம் வேண்டும், காலிச் சாலைக்குக் கொடுக்கும் விலை இது. பல ஊர்களில் கடையே கிடையாது. இருக்கும் கடையும் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மதியம் எல்லாம் அடைப்பு, திங்கட்கிழமை பேக்கரியும் பெரும்பாலும் அடைப்பு. ஆகவே காலையிலேயே மதியத்துக்கும் சேர்த்து ரொட்டி வாங்கிப் பையில் போடுங்கள். சில ஊர்களில் ரொட்டி விற்கும் தானியங்கி இயந்திரம் இருக்கும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம். நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் அநேகமாக இருக்கும், சைக்கிள்காரர்கள் எல்லாரும் பிடிப்பது அதில்தான். 'நோன் பொதாப்ள்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

ஆபத்து பற்றி. முந்தும் கார் ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், இங்கே கிராமத்து ஓட்டுநர்கள் பொறுமையாகப் பின்னாலேயே வருவதையும் பார்க்கலாம். எனக்கு அதிகம் பயம் தருவது 'க்ரவியோன்' பலகை. கோடையில் சாலையில் தார் தெளித்துச் சில்லுக் கல்லைக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், வண்டிகள் ஓடி ஓடி அது அமுங்க வேண்டும். இறக்கத்தில் அந்தப் பலகையைப் பார்த்தால் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்துவிடுங்கள், வளைவில் பிடிக்காதீர்கள். அடுத்தது வலதுபுற முன்னுரிமை: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கம் சின்னச் சந்திலிருந்து வரும் வண்டிக்குக்கூட நீங்கள்தான் நிற்க வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொன்று. நெரிசலான சாலையில் மற்ற வண்டிகளைப் பார்த்து வலப்பக்கம் ஓட்டிவிடுவோம். காலிச் சாலையில் நினைவூட்ட யாரும் இல்லை, ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். இருட்டிய பிறகோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். காதில் இயர்போன் சட்டப்படி கூடாது.

சைக்கிள் சாதாரண ரோடு பைக் போதும். டயர் 28 மி.மீ.க்குக் குறையாமல், 32 இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கப் பெரிய கியர் 32 பல்லாவது இருக்கட்டும், லெக்தூர் ஏற்றத்தில் புரியும்.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். சூரியகாந்தி பூத்துக் கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைதான், அப்போது விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் ஓட்டி முடித்துவிடுங்கள், 35 டிகிரி இங்கே சாதாரணம். இலையுதிர் காலத்திலிருந்து வேட்டைப் பருவம், ஞாயிறு காலைகளில் காட்டோரச் சாலைகளில் துப்பாக்கிக்காரர்கள் நிற்பார்கள், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும் தென்மேற்கு மூலையில் மார்சியாக் ஜாஸ் விழா நடக்கும். கோந்தோம், லெக்தூர் பக்கம் பரவாயில்லை, ஆனால் அந்த மூலைக்கும் போக நினைத்தால் அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது சிரமம்.