இரும்பு ஊசிக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் கல்லீரல் கறுத்துத் தெரிவது குறித்து

வணக்கம். சிறுநீரக நோயால் வந்த இரத்தசோகைக்காக, அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தந்தைக்கு ஆறு வாரங்களுக்கு முன் ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஊசியை ஏற்றியதாகவும், இப்போதைய எம்.ஆர்.ஐ. அறிக்கை கல்லீரலும் மண்ணீரலும் கறுத்திருப்பதால் உடலில் இரும்பு மிகுந்துவிட்டதோ என்று ஐயுறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஊசி போட்ட செய்தி ஸ்கேனைப் படித்தவருக்குத் தெரியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஃபெருமாக்சிடால் என்பது மாவுச்சத்து வகைப் பூச்சுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடு நானோ துகள். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் உள்ள விழுங்கணுக்கள் அதை இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அங்கே தங்கும் துகள்கள் தம்மைச் சுற்றிய காந்தப்புலத்தைக் குலைப்பதால், அருகிலுள்ள நீரிலிருந்து வரும் சமிக்ஞை விரைவில் மங்கி, டி2 எனப்படும் வகை எம்.ஆர்.ஐ. படங்களில் அவ்வுறுப்புகள் கறுக்கின்றன. (இதே பண்பை நம்பித்தான் 1996-இல் ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்து, கல்லீரல் கட்டிகளை எம்.ஆர்.ஐ.யில் காண அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது: விழுங்கணுக்கள் இல்லாத கட்டி கறுக்காமல் தனித்துத் தெரியும்.) இவ்விளைவு மூன்று மாதங்கள் வரை நீடிக்கலாம் என்று மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது.

உண்மையான இரும்பு மிகுதியை இதனால் மறுத்துவிட முடியாது; ஆனால் இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியன்று. மருந்தின் பெயர், தேதி, அளவு (ஒரு ஊசிக்கு வழக்கமாக 510 மி.கி.) ஆகியவற்றைக் கதிரியக்க மருத்துவரிடம் கொடுத்து, அறிக்கையை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். அவசரமில்லையென்றால் மூன்று மாதம் கடந்தபின் மீண்டும் எடுக்கலாம். அவசரமென்றால், அல்ட்ராசவுண்டையும் சி.டி.யையும் இத்துகள்கள் பாதிப்பதில்லை. அதுவரை சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் இரும்பு சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம்.