உள்ளே நாலு, வெளியே ஆறு: பொலிஸ் வீடுகளிலிருந்து சில கேள்விகள்

போக்குவரத்துக் கடமையில் நிற்பவன் நான். காதில் கிளிப் மாட்டி, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே மூச்சுவிடப் பழக்குகிறார்களாம், பயோஃபீட்பேக் என்று. இது எங்கட பிராணாயாமம்தானே? மெஷின் எதற்கு?

பாதி சரி, தம்பி. மெஷின் இல்லாமலே முதலில் ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். நாடி கொஞ்சம் விரையும். விடும்போது தணியும். வெளிமூச்சின்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக் போடுகிறது, அதுதான் காரணம். நாளெல்லாம் ஹோர்ன் சத்தத்திலும் வாய்த்தர்க்கத்திலும் வெயிலிலும் நிற்கிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிப்போகும். கிளிப்பில் உள்ள சின்ன வெளிச்சம் காது மடலில் இரத்தம் பாய்வதை வைத்து ஒவ்வொரு துடிப்பையும் பிடிக்கும். துடிப்பு விரைவதும் தணிவதும் திரையில் ஒரு கோடாக ஓடும்.

முதல் நாள் பலருடைய கோடு பனைமட்டைக் கருக்கு மாதிரித்தான் இருக்கும், தாறுமாறாக வெட்டிக்கொண்டு. வழமையில் நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுகிறோம். அதை 6 ஆக்கினால், அதாவது 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே என்றால், கொஞ்ச நேரத்தில் கருக்குப் போய் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலின் அமைதியான அலை மாதிரி ஆகும். உடம்பு இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் ஒழுங்கும் ஏறத்தாழ 10 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவது. மூச்சும் அதே தாளத்தில் வந்தால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளின கதைதான். இந்தத் தாளம் ஆளுக்காள் மாறும், நிமிடத்துக்கு 4.5 முதல் 6.5 வரை. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்கத்தான் மெஷின். கண்டுபிடித்த பிறகு அதை அலுமாரியில் வைத்துவிடலாம்.

மெதுவாக மூச்சுவிட்டால் தலை சுற்றுகிறது, விரல் நுனி விறைக்கிறது. நிறுத்தவா?

நிறுத்த வேண்டாம், மூச்சின் அளவைக் குறையுங்கள். மெதுவாக என்றதும் நெஞ்சு முட்ட இழுக்கிறீர்கள் போல. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துபோனால் இப்படித்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மூச்சுப் போதும். இதயத் துடிப்புக்கு மருந்து எடுப்பவர் என்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். அந்த மருந்தோடு திரையில் கோடும் நம்பும்படி வராது.

என்ர அவர் சார்ஜன்ட். ஒரு விபத்தில் இறந்த பிள்ளையைத் தூக்கின நாளிலிருந்து நித்திரை இல்லை, பின்னேரத்தில் குடி. கோபம் வரும்போது "மூச்சை இழுத்து விடுங்கோ" என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் கத்துகிறார்.

கத்தத்தான் செய்வார், தங்கச்சி. வெள்ளத்தில் நிற்கிறவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க முடியாது. கோபமில்லாத நேரத்தில், தேத்தண்ணி குடித்து முடிந்த கையோடு, 10 நிமிடம். நீங்களும் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். அவருக்குச் சிகிச்சை மாதிரித் தெரியாது. ஐந்தாறு கிழமை விடாமல் பழகினால்தான் தேவையான நேரத்தில் தானாக வரும்.

கண்ணை மூடச் சொல்லாதீர்கள். அப்படியான காட்சியைப் பார்த்தவருக்குக் கண் மூடினதும் அதே பிள்ளை வந்து நிற்கலாம். திறந்த கண்ணோடு முற்றத்து மரத்தையோ திரையையோ பார்க்கட்டும். குடித்தால் நித்திரை வருவது போலத் தெரியும். ஆனால் இரவு முழுக்க இதயம் ஓய்வெடுக்காமல் ஓடும்.

அப்புறம், இதை மூச்சோடு மட்டும் விடக்கூடாது. மனநல வைத்தியர் பார்க்க வேண்டும். வெட்கமாக இருந்தால் முதலில் 1926க்கு எடுங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் அது.

கைக்கடிகாரம் காட்டும் ஹெச்.ஆர்.வி., அதாவது துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற இலக்கம், நேற்று 48, இன்று 31. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒரு இரவுக் கடமை போதும் அது இறங்க. ஒரு மாதப் போக்கைப் பாருங்கள். மற்றவருடைய இலக்கத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

நான் ஒரு நிலையப் பொறுப்பதிகாரி. ஆட்கள் களைத்துப்போய், எதிலும் பிடிப்பில்லாமல் வருகிறார்கள். நாலைந்து மெஷின் வாங்கினால் சரியாகுமா?

ஐயா, கேட்டதற்கு நன்றி, ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்தப் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலையில் நீண்ட நாள் அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் வருவது என்றுதான் சொன்னது. களைப்பு, வேலையில் வெறுப்பு, "என்னால் எதுவும் ஆகாது" என்ற எண்ணம், இம்மூன்றும் அதன் அடையாளம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரே ஆளைச் சனத்துக்குள் நிறுத்திவிட்டுக் கையில் கிளிப்பைக் கொடுத்தால், அவர் அதை எங்கே எறிவார் என்று எனக்குத் தெரியும். முதலில் கடமைப் பட்டியலைப் பாருங்கள். இரவுக் கடமை முடித்தவருக்குத் தூங்க நேரம் விடுங்கள். அப்புறம் ஒரு மின்விசிறி, ஒரு கதிரை, கதவு சாத்தக்கூடிய ஒரு அறை. மெஷின் வாங்கினால் அதில் வரும் இலக்கம் எவருடைய பணிக்கோவையிலும் ஏறக்கூடாது. ஏறும் என்று தெரிந்தால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள்.

கடமை முடிந்து மோட்டார்சைக்கிளில் வரும்போது செய்யலாமா? எனக்கு வேறு நேரம் கிடையாது.

வேண்டவே வேண்டாம், நித்திரை தூக்கும். வீட்டுப் படலையடியில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அப்படியே இருங்கள். ஐந்து நிமிடம், முப்பது மூச்சு. பிறகு படலையைத் திறக்கலாம்.