வசதி வந்தபின் செபம்

வணக்கம் ஐயா,

2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்ற நாட்களில், செவ்வாய்க்கிழமை தவறாமல் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். கணவரின் கடை மூடாமல் தப்பினால் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். கடை பிழைத்தது, இப்போது வியாபாரமும் நன்றாக நடக்கிறது. ஆனால் கோயிலுக்குப் போக மனம் வருவதில்லை. போனாலும் செபம் வாயோடு நின்றுவிடுகிறது. அன்று எனக்கிருந்தது விசுவாசமா, வெறும் பயமா?

வாசகி, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரிக்கு,

பயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விவிலியத்தின் திருப்பாடல்களில் நடுங்கியவர்களின் குரல்தான் எத்தனை! 88ஆம் பாடல் ஆறுதல் எதுவுமின்றி இருளிலேயே முடிகிறது. திருச்சபை அதையும் செபமாகத்தான் வைத்திருக்கிறது.

என்னை உறுத்துவது 'கடை பிழைத்தது' என்ற வரி. கேட்டேன், கிடைத்தது, கணக்குத் தீர்ந்தது என்று உள்ளுக்குள் முடித்துவிட்டீர்களோ? விசுவசித்தால் வளம் வரும் என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21ஐ அவர்கள் எங்கே வைப்பார்கள்? நீங்கள் மெழுகுதிரி ஏற்றும் அதே கோயிலில், உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலிக்கு வந்தவர்கள்தான் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். அவர்களுடைய விசுவாசம் உங்களுடையதைவிடக் குறைந்ததா? கடை பிழைத்ததற்கு நன்றி சொல்லுங்கள். அதைச் சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள்.

வசதியில் மறப்பது பழைய நோய். வயிறார உண்டு, நல்ல வீடு கட்டிக் குடியேறிய பிறகு மக்கள் கடவுளை மறந்துவிடுவார்களே என்றுதான் இணைச்சட்டம் 8ஆம் அதிகாரத்தில் மோசே அஞ்சுகிறார். லூக்கா 17இல் குணமடைந்த தொழுநோயாளர் பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பியவர் ஒருவரே, அதுவும் யூதர்கள் அந்நியராகக் கருதிய ஒரு சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைப் பறித்ததாக லூக்கா எழுதவில்லை. ஆகவே, நன்றி மறந்ததால் கடை போய்விடுமோ என்ற புதுப் பயத்தில் ஓடாதீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுக்கென்று எதையும் கேட்காமல் போய்ப் பாருங்கள். இந்துக்களும் பௌத்தர்களும் உட்பட எத்தனையோ பேர், அன்று நீங்கள் நின்ற நிலையில் இன்று நிற்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் மன்றாட்டு நிறைவேற வேண்டுமென்று கேளுங்கள். மனம் உருகாவிட்டாலும் பரவாயில்லை. உருக்கம் நம் கையில் இல்லை, போய் நிற்பது நம் கையில் இருக்கிறது.

பாண் கொடுத்தீர்களா என்று எழுதவில்லையே? இல்லையென்றால் ஜூன் 13 அந்தோனியார் பெருநாள் வரை காத்திருக்க வேண்டாம்.