மீசோதெலியோமா: ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. அனல்மின் நிலையங்களில் கான்ட்ராக்டரிடம் பாய்லர் லேக்கிங் வேலை (சூடு வெளியேறாமல் அஸ்பெஸ்டாஸ் சுற்றுவது) பார்த்தவர். வலது நெஞ்சில் நீர் கோத்தது. 6 மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. பிறகு சதை எடுத்துப் பார்த்ததில் 'எபிதீலியாய்டு மீசோதெலியோமா' என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு மருத்துவமனையில், நுரையீரலை உறையோடு எடுத்துவிட வேண்டும், உடனே முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். இன்னோர் இடத்தில் இம்யூனோதெரபி போதும் என்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து நஷ்டஈடு வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் ரிப்போர்ட்டைக் கேட்கிறார். எதைச் செய்வது? அப்பாவின் வேலைச் சட்டையைத் துவைத்த அம்மாவுக்கும் இது வருமா?
- வாசகர், வடசென்னை

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். இந்த நோயில் இரண்டு மூன்று வாரம் நிதானமாக யோசிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அவசரப்பட்டு நெஞ்சைத் திறந்துவிட்டால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

அப்பாவுக்கு வந்திருப்பது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். 'எபிதீலியாய்டு' என்பது அதன் செல் வகையின் பெயர். அஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போய் 20, 30, சில சமயம் 40 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். முழுக்கக் குணமாக்கும் சிகிச்சை இன்றுவரை இல்லை. ஆயுளை நீட்டவும், மூச்சுத்திணறலையும் வலியையும் அடக்கவும் நல்ல வழிகள் இருக்கின்றன. குணமாக்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

ஆபரேஷன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நுரையீரலோடு உறை, உதரவிதானம், இதயத்தைச் சுற்றிய உறை எல்லாவற்றையும் எடுக்கும் பெரிய ஆபரேஷனால் நன்மை இல்லை, கெடுதலே இருக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த 'மார்ஸ்' ஆய்வு 2011-லேயே சொல்லிவிட்டது. அப்படியானால் நுரையீரலை விட்டுவிட்டு உறையை மட்டும் உரித்தால் என்ன என்று அங்கேயே 335 நோயாளிகளிடம் 'மார்ஸ் 2' நடத்தினார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 24.8 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கீமோவோடு ஆபரேஷனும் செய்துகொண்டவர்களுக்கு அந்தக் கணக்கு 19.3 மாதம். கடுமையான சிக்கல்களும் ஆபரேஷன் செய்தவர்களுக்கே அதிகம். முடிவு 2023-இல் வெளிவந்தது. இதற்குப் பிறகும் 63 வயதுக்காரரின் நுரையீரலை எடுக்க முன்பணம் கேட்கிறார்கள் என்றால், "மார்ஸ் 2 முடிவைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் பலரை ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். இதே மீசோதெலியோமா வயிற்றின் உள்ளுறையிலும் வரும். அங்கே கதை வேறு. கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் அகற்றிவிட்டு, ஏறக்குறைய 42 டிகிரிக்குச் சூடாக்கிய கீமோ மருந்தை ஒன்று, ஒன்றரை மணி நேரம் வயிற்றுக்குள் சுற்றவிட்டுக் கழுவும் 'ஹைபெக்' ஆபரேஷன், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு உண்மையாகவே பலன் தருகிறது. பல நாட்டு மையங்களில் செய்துகொண்ட 405 பேரின் கணக்கு 2009-இல் வந்தது. அதில் பாதிப் பேர் 53 மாதங்களைத் தாண்டியிருந்தார்கள். ஆனால் அது வயிற்றுக்கான கணக்கு, அதிலும் எபிதீலியாய்டு வகைக்கும், கட்டியை முழுதாக அகற்ற முடிந்தவர்களுக்குமே பொருந்துவது. இந்த 53 மாதத்தை நெஞ்சு நோயாளியின் குடும்பத்திடம் காட்டி 'சூடான கீமோ' விற்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு நோய் நெஞ்சில். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பெரிட்டோனியம்' (வயிற்றின் உள்ளுறை) என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஹைபெக் பற்றிய பேச்சு உங்களுக்கு இல்லை.

அடுத்து, ரிப்போர்ட்டை உறுதி செய்யுங்கள். நுரையீரலில் தோன்றி உறைக்குப் பரவும் அடினோகார்சினோமாவும் மைக்ராஸ்கோப்பில் இதே மாதிரி தெரியும். அந்த நோயில் சிலருக்கு மாத்திரையிலேயே நல்ல சிகிச்சை இருப்பதால், இங்கே தவறினால் நஷ்டம் பெரிது. உறுதி செய்யச் சாயப் பரிசோதனை வேண்டும். மீசோதெலியோமா பக்கம் குறைந்தது இரண்டு சாயம், கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்றவை ஏற்றிருக்க வேண்டும். அடினோகார்சினோமா பக்கம் இரண்டு, கிளாடின்-4, டி.டி.எஃப்.1 போன்றவை ஏற்காமல் இருக்க வேண்டும். நான்கும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீரை மட்டும் பார்த்துச் சொன்ன ரிப்போர்ட் போதாது. லேபிலிருந்து 'பிளாக்'கை எழுதிக் கொடுத்து வாங்குங்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கேசட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளை மெழுகுத் துண்டு அது. அதற்குள்தான் அப்பாவின் சதை இருக்கிறது. கண்ணாடி ஸ்லைடை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஏற்காதீர்கள். அடுத்த இடத்தில் புதிதாகச் சாயம் போட பிளாக்தான் வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகும். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் பிளாக்கோடு போய் இரண்டாம் கருத்துக் கேட்கலாம்.

டி.பி. மாத்திரையில் போன அந்த 6 மாதம் மனதை அறுக்கிறது. நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றாலே டி.பி. என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. நீரில் ஏ.டி.ஏ. என்ற நொதியின் (டி.பி.யில் ஏறுவது) அளவு 40-ஐத் தாண்டியதும் கேஸ் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மீசோதெலியோமாவிலும் ஏ.டி.ஏ. ஏறும். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் 6 மாதம் மிச்சமாகியிருக்கும். டி.பி. மாத்திரை இன்னும் ஓடுகிறதென்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், பயாப்சி ரிப்போர்ட்டைக் காட்டி எழுத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது நீர். 15 நாளுக்கொரு முறை ஊசி போட்டு எடுத்துக்கொண்டே இருப்பது சிகிச்சையே இல்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே தடுப்புகள் விழுந்து நீர் அறை அறையாகத் தேங்கும். கடைசியில் எந்த ஊசிக்கும் வராது. ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதும் ஆபத்து, அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்து அதற்குள்ளேயே நீர் சுரக்கும். நீரை வடித்தபின் எடுக்கும் எக்ஸ்ரேயில் நுரையீரல் நெஞ்சுச் சுவர்வரை விரிந்திருந்தால், 4 கிராம் சுத்திகரித்த டால்க் தூளைத் தூவி நுரையீரலின் உறையையும் நெஞ்சுச் சுவரின் உறையையும் ஒட்டிவிடலாம். விரியவில்லை என்றால் டால்க் ஒட்டாது, பணமும் வலியும்தான் வீண். அப்படிப்பட்டவருக்குத் தோலுக்கு அடியில் மெல்லிய குழாயை நிரந்தரமாக வைத்து, வீட்டிலேயே பாட்டிலில் வடித்துக்கொள்ளச் சொல்லித் தருவார்கள். எக்ஸ்ரே பார்க்காமல் டால்க் போட நாள் குறிப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

கீமோவில் நிலைத்து நிற்கும் ஜோடி பெமெட்ரெக்ஸெட், சிஸ்பிளாட்டின். 21 நாளுக்கு ஒரு முறை, பொதுவாக 4 முதல் 6 சுற்று. சிறுநீரகமோ காதோ பலவீனமாக இருந்தால் சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின். இதில் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் வைட்டமின். முதல் டிரிப்புக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் ஆசிட் தினமும் தொடங்கியிருக்க வேண்டும். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம் அதே வாரத்தில் ஒன்று, பிறகு 9 வாரத்துக்கு ஒன்று. கடைசி டிரிப்புக்குப் பின்னும் 21 நாள் ஃபோலிக் ஆசிட் தொடர வேண்டும். மறந்தால் வாய்ப்புண்ணும் வெள்ளணுச் சரிவும் ஆளைப் படுக்கவைத்துவிடும். மருந்துக்கடையில் ஃபோலிக் ஆசிட் கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இதற்கு வேண்டியது 1 மில்லிகிராமுக்குள், எனவே அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தோல் தடிக்காமல் இருக்க டெக்ஸாமெத்தசோன் 4 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, டிரிப்புக்கு முந்தைய நாள், அன்று, மறுநாள். டிரிப் நாளைச் சுற்றி இரண்டிரண்டு நாள் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம். நெஞ்சில் நிறைய நீர் இருந்தால் முன்பே வடித்துவிட வேண்டும், மருந்து அந்த நீரில் தேங்கி விஷத்தன்மை கூடும். வீட்டில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றிரவே மருத்துவமனை, பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பில்லையும் பாருங்கள். பெமெட்ரெக்ஸெட் 500, 100 மில்லிகிராம் குப்பிகளில் வருகிறது. அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 500. அப்பாவின் பரப்பு 1.6 என்றால் 800 மில்லிகிராம்: ஒரு பெரிய குப்பி, மூன்று சின்னது. இரண்டு பெரிய குப்பி எழுதி மிச்சத்தைக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. கம்பெனிக்குக் கம்பெனி விலையும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். 2019-இல் மத்திய அரசு லாப விகிதத்துக்கு உச்சவரம்பு போட்ட 42 புற்றுநோய் மருந்துகளில் இதுவும் ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கீமோவுக்கு வழி இருக்கிறது. ஆனால் அனுமதி வரும்வரை நோயாளியைக் காத்திருக்க வைக்கிற முறைக்கு 21 நாள் கணக்கு புரிவதில்லை. அடுத்த சுற்றுக்கான தாள்களை இந்தச் சுற்று முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.

இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை, இந்த நோயில் நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டும் சேர்ந்தது. 'செக்மேட் 743' ஆய்வில் சார்கோமாட்டாய்டு போன்ற முரட்டு வகைகளுக்கு இது பெரிய வித்தியாசம் காட்டியது: பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம் கீமோவில் 8.8 மாதம், இதில் 18.1. உங்கள் அப்பாவின் எபிதீலியாய்டு வகையில் இரண்டுக்கும் இடைவெளி சிறிதே. ஆகவே வீட்டை விற்று இதைப் போட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பல லட்சம் ஆகும் மருந்தை இரண்டு டோஸ் போட்டுவிட்டுப் பணமில்லாமல் நிறுத்துவதைவிட, கீமோவை முழுசாக முடிப்பது மேல். 'நிவோலுமாப் 20 மில்லிகிராம் போட்டால் போதும், விலை குறைவு' என்றும் சொல்வார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை அந்தக் குறைந்த அளவை நிரூபித்தது தலை, கழுத்துப் புற்றுநோயில். மீசோதெலியோமாவுக்கு அதை அப்படியே தூக்கிப் பொருத்தக் கூடாது.

வலி இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் 5 நாள் கதிர்வீச்சு பலருக்கு உதவும். மூச்சுத்திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. கூடவே மலமிளக்கி வேண்டும். வலி நிவாரணப் பிரிவுக்கு முதல் வாரத்திலேயே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

அந்த ஏஜென்ட். அமெரிக்க நஷ்டஈட்டு நிதிகள், திவாலான அமெரிக்கக் கம்பெனிகளின் சரக்கால் பாதிக்கப்பட்டவர்களுக்கானவை. எந்தக் கம்பெனியின் சரக்கு என்று நிரூபிக்க வேண்டும். இங்கே கான்ட்ராக்டரிடம் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியவருக்கு அது கிடைப்பது மிக அரிது. அசல் ரிப்போர்ட்டையோ வெற்றுத்தாள் கையெழுத்தையோ கொடுத்துவிடாதீர்கள். 1995-இல் நம் உச்ச நீதிமன்றமே, அஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டோ, வேலையை விட்டபின் 15 ஆண்டோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியானவருக்கு 1 லட்சம் ரூபாயும் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது, பதிவேடு இல்லை. கான்ட்ராக்ட் ஆளின் பெயரை எந்த நோட்டில் தேடுவது? அதனால் அப்பா பேசும் நிலையில் இருக்கும்போதே எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்த யூனிட், எந்த கான்ட்ராக்டர் என்று ஒரு தாளில் எழுதி, கூட வேலை பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய கேட் பாஸ் எல்லாவற்றையும் அதோடு சேருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அஸ்பெஸ்டாஸ் வேலை' என்ற சொல் வரும்படி டாக்டரைக் கேளுங்கள். பிறகு ஈ.எஸ்.ஐ. அலுவலகத்திலும் தொழிலாளர் துறையிலும் நேரில் மனு கொடுங்கள், ஏஜென்ட் தேவையில்லை.

அம்மாவைப் பற்றி: தூசிச் சட்டையைத் துவைத்த மனைவிமாருக்கு இந்த நோய் வந்தது உண்டு, ஆனால் பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ ஒரு பக்கம் நெஞ்சு வலித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள், டாக்டரிடம் முதல் வாக்கியமாக அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். வேலையிலிருந்து கொண்டுவந்த அஸ்பெஸ்டாஸ் கயிறோ துணியோ பரணிலோ அடுப்படியிலோ கிடந்தால் உதறாமல், பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.